நாட்டுக்கு முதல் வரவு செலவு எழுதிய சண்முகம் செட்டியார்



மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதிக் கொடு என்று கூட்டமைப்புத் தலைவி அக்கா சொன்னாங்க. மற்றவர்கள் முந்திக்கொண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, காமராசர் எல்லாரையும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு யாரும் மிச்சமில்லை. அப்போதுதான் ஒரு ரோட்டின் பெயர் ஞாபகம் வந்தது.

நாம் எல்லாரும் ஒரு தடவை கேரளாவுக்குப் பட்டறிவுப் பயணம் போனோமே, குடும்பஸ்ரீ பெண்கள் நடத்துகிற ஓட்டலையும் கடைகளையும் பார்த்துவிட்டு, எர்ணாகுளத்தில் காயல் ஓரமாக வண்டியை நிறுத்தினார்கள். எல்லாரும் படகைப் பார்த்தபோது நான் போர்டைப் பார்த்தேன். சண்முகம் ரோடு என்று இருந்தது. கேரளாவில் சண்முகம் என்ற பேரில் ரோடா என்று வண்டி ஓட்டி வந்த தம்பியிடம் கேட்டேன். உங்க ஊர்க்காரர்தான் அக்கா, கோயம்புத்தூர்க்காரர், இங்கே திவானாக இருந்தவர் என்றான். எனக்குப் பிறந்த வீடு கோவைப் பக்கம். அப்புச்சி மில்லில் நூல் ஓட்டியவர். ஆனாலும் இந்தப் பேரை நான் கேட்டதில்லை. வந்த பிறகு மகளின் பள்ளிக்கூட நூலகத்திலும் கிளை நூலகத்திலும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இவர் நமக்கு வேண்டிய ஆள் அல்லவா என்று தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன்.

ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1892-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி கோயம்புத்தூரில் பிறந்தார். வசதியான வியாபாரக் குடும்பம். சென்னைக்குப் போய் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. படித்தார். பிறகு சட்டக் கல்லூரியில் படித்து வக்கீலானார். ஆனால் கறுப்புக் கோட்டு அவரை ரொம்ப நாள் பிடித்து வைக்கவில்லை. 1917-இல் கோவை நகரசபை உறுப்பினர், பிறகு அதற்கே துணைத் தலைவர். சாக்கடை, குடிதண்ணீர், தெருவிளக்கு என்று நம்ம வார்டு உறுப்பினர் பார்க்கிற வேலையில்தான் அவரும் ஆரம்பித்திருக்கிறார். பெரிய இடத்துக்குப் போனவர்கள் எல்லாம் நேராக மேலே குதித்துவிடுவதில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

1920-இல் சென்னை மாகாண சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது 28. அது வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். எல்லாருக்கும் ஓட்டுக் கிடையாது, சொத்து வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான். பெண்களுக்கு அதுவும் இல்லை. அவர் உள்ளே இருந்த அந்தச் சபைதான் 1921-இல் பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்று முடிவு செய்தது. இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் செய்தது சென்னைதானாம். அதுவும் சொத்து உள்ள பெண்களுக்கு மட்டும்தான். என் அம்முச்சியின் அம்மாவுக்கு அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. இருந்தாலும் கதவு கொஞ்சம் திறந்தது.

அங்கிருந்து டெல்லி. 1924 முதல் 1934 வரை பத்து வருஷம் மத்திய சட்டசபையில் இருந்தார். ஆரம்பத்தில் மோதிலால் நேரு நடத்திய சுயராஜ்யக் கட்சியில் சேர்ந்து அதன் கொறடாவாக இருந்தார். கொறடா என்றால் ஓட்டெடுப்பு நாளில் தன் கட்சி ஆட்களை ஒருத்தர் விடாமல் சபைக்குக் கூட்டி வருகிறவர். நம்ம குழுக் கூட்டத்துக்கு வீடு வீடாகப் போய் கூப்பிடுகிற வேலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எவ்வளவு கஷ்டம் என்று ஊக்குநர்களுக்குத் தெரியும். சிறுமிகளுக்குக் கல்யாணம் செய்வதைத் தடுக்கிற சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறியதும் இந்தச் சபையில்தான். பெண்ணுக்கு 14 வயது என்று அப்போது வைத்தார்கள். இன்றைக்கு 18.

பணம், வரி, சுங்கம், வியாபாரம் என்று எந்தப் பேச்சு வந்தாலும் சபையில் இவர் பேச்சைக் கவனித்துக் கேட்பார்களாம். 1931-இல் சபையின் துணைத் தலைவர், 1933-இல் தலைவர். இப்போது சபாநாயகர் என்கிறோமே, அந்த நாற்காலி. நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு மனிதரை, நீ பேசாதே, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு இரு என்று உட்கார வைக்கிற நாற்காலி அது. நான் ஒரு வருஷம் குழுத் தலைவியாக இருந்தபோது அதில்தான் தோற்றுப் போனேன்.

அதே சமயத்தில் வெளிநாட்டு வேலைகளும் வந்தன. ஜெனீவாவில் நடந்த உலகத் தொழிலாளர் மாநாட்டுக்குப் போனார். 1932-இல் கனடா நாட்டின் ஒட்டாவா நகரத்தில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகள் எல்லாம் கூடி, உன் சரக்குக்கு நான் வரி குறைக்கிறேன், என் சரக்குக்கு நீ குறை என்று ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியா சார்பில் போனவர்களில் இவரும் ஒருவர். அந்த ஒப்பந்தம் நமக்கு நல்லது என்று இவர் நின்றார். இது வெள்ளைக்காரனுக்குத்தான் லாபம் என்று காங்கிரஸ்காரர்கள் எதிர்த்தார்கள். 1933-இல் அரசாங்கம் சர் பட்டம் கொடுத்தது. அப்புறம் கேட்க வேண்டுமா, வெள்ளைக்காரன் ஆள் என்ற பேச்சு பலமாகிவிட்டது.

1934 தேர்தலில் மக்கள் கணக்கைத் தீர்த்தார்கள். சபைத் தலைவராக இருந்தவரே தோற்றுப்போனார். அவரைத் தோற்கடித்தவர் காங்கிரஸ் சார்பில் நின்ற சாமி வெங்கடாசலம் செட்டியார். நாட்டின் பெரிய சபையில் தலைவர் நாற்காலியில் இருந்த ஆள், அடுத்த வருஷம் உறுப்பினர்கூட இல்லை. நானாக இருந்தால் ஊருக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன்.

அவர் கொச்சிக்குப் போனார். அப்போது கொச்சி தனி ராஜ்ஜியம். மகாராஜா உண்டு, அவருக்குத் திவான் உண்டு. 1935 முதல் 1941 வரை சண்முகம் செட்டியார் திவான். அந்த வருஷங்களில்தான் கொச்சித் துறைமுகம் பெரிய துறைமுகமாக வளர்ந்தது. கடலைத் தூர் வாரி, வாரிய மண்ணைக் கொட்டியே ஒரு தீவை உண்டாக்கினார்கள். வில்லிங்டன் தீவு என்று நமக்குக் காட்டினார்களே, அதுதான். அந்த வேலையை நடத்தியவர் ராபர்ட் பிரிஸ்டோ என்ற என்ஜினியர். திவான் பக்கத் துணையாக நின்றது சண்முகம் செட்டியார். இன்னொன்றும் செய்தார். 1938-இல் கொச்சியில் அரசாங்க இலாகாக்களில் சிலவற்றை, மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரை மந்திரியாக்கி அவர் கையில் கொடுத்தார்கள். சமஸ்தானங்களில் அப்படிச் செய்தது கொச்சிதான் முதலில். முழு அதிகாரம் இல்லை, பாதிதான். ஆனாலும் ஓட்டில் தோற்ற மனிதர், ஓட்டு வாங்கியவனுக்கு இடம் கொடுக்கிற சட்டத்தை நடத்தினார் பாருங்கள். எர்ணாகுளத்து ரோட்டில் அவர் பேர் நிற்பதற்குக் காரணம் இந்த ஆறு வருஷம்தான்.

திவானாக இருக்கும்போதே 1938-இல் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்துக்கு இந்தியா சார்பில் போய் வந்தார். அந்தச் சங்கம்தான் ஐ.நா. சபைக்கு முன்னோடி. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது 1941-இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். வாஷிங்டனில் உட்கார்ந்து இந்தியாவுக்கு வேண்டிய சாமான்களை வாங்கி அனுப்புகிற குழுவுக்கு அவர் தலைவர்.

இனி வருவதுதான் நமக்கு முக்கியம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கணக்கு வரும்.

1944 ஜூலை மாதம். போர் இன்னும் முடியவில்லை. அமெரிக்காவில் பிரெட்டன் வுட்ஸ் என்ற மலைப்பக்கத்து ஊரில் ஒரு பெரிய ஓட்டலில் 44 நாட்டுக்காரர்கள் மூன்று வாரம் கூடினார்கள். போர் முடிந்த பிறகு உலகத்தில் பணம் எப்படிப் புழங்க வேண்டும், இடிந்து போன நாடுகளைக் கட்டக் கடன் யார் கொடுப்பது என்று பேச்சு. அங்கே இரண்டு நிறுவனங்களை உண்டாக்கினார்கள். ஒன்று சர்வதேச நிதியம். இன்னொன்று உலக வங்கி.

உலக வங்கி என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? எனக்குப் புதுவாழ்வுத் திட்டம். நம்ம ஊருக்கு அந்தத் திட்டம் வந்தபோதுதான் நான் வீட்டு வாசலைத் தாண்டி கூட்டத்துக்கு வந்தேன். அமுதசுரபி நிதி என்று நம் கூட்டமைப்புக்குப் பணம் வந்ததே, அதற்கு மூலம் உலக வங்கிக் கடன். அந்த வங்கி பிறந்த அறையில் நம்ம கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இந்தியா அப்போது அடிமை நாடு. அதனால் நம் குழுவுக்குத் தலைவர் வெள்ளைக்காரர், ஜெரமி ரெய்ஸ்மன். ஆனால் உள்ளே ரிசர்வ் வங்கி கவர்னர் சி.டி. தேஷ்முக், பம்பாய்த் தொழிலதிபர் ஏ.டி. ஷ்ராஃப், நம்ம சண்முகம் செட்டியார் இருந்தார்கள். தலைவர் அவர்களுடைய ஆள் என்பதால் இவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. இந்தச் சங்கத்தின் நோக்கத்தில் போரில் இடிந்த நாடுகளை மட்டும் எழுதாதீர்கள், வளராமல் கிடக்கிற ஏழை நாடுகளையும் கைதூக்கி விடுவது என்று எழுதுங்கள் என்று கேட்டார்கள். ஓட்டுப் பங்கு விஷயத்திலும் விடவில்லை. அந்த நிதியத்தில் யார் எவ்வளவு பங்கு போடுகிறார்களோ அவ்வளவு ஓட்டு. சீனாவுக்கு 55 கோடி டாலர், இந்தியாவுக்கு 40 கோடி டாலர் என்று வைத்தார்கள். நம் குழுவுக்கு அது திருப்தியில்லை. வரிசையில் இந்தியா ஆறாவது. பிறகு ரஷ்யா சேராமல் விலகிக்கொண்டதால் நமக்கு ஐந்தாவது இடம் கிடைத்து, நிர்வாகக் குழுவில் ஓர் இடமும் கிடைத்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. முக்கியமான ஒன்று கிடைக்கவே இல்லை. அதுதான் ஸ்டெர்லிங் பாக்கி.

இதை நம்ம கணக்கில் சொல்கிறேன். போர்க்காலத்தில் பிரிட்டன் நம்ம நாட்டிலிருந்து துணி, தானியம், சாமான், சிப்பாய் எல்லாம் எடுத்துக்கொண்டது. காசு கையில் தரவில்லை. லண்டனில் உன் பேரில் எழுதி வைத்திருக்கிறேன், அப்புறம் தருகிறேன் என்றது. இங்கே அதற்குப் பதிலாக ரூபாய் நோட்டாக அடித்துவிட்டார்கள். சாமான் வெளியே போய்விட்டது, நோட்டு உள்ளே குவிந்துவிட்டது, விலை ஏறிவிட்டது. வங்காளத்தில் 1943-இல் பஞ்சத்தில் லட்சக்கணக்கான சனங்கள் செத்தார்கள். போர் முடிகிற சமயத்தில் பிரிட்டன் நமக்குத் தர வேண்டிய பாக்கி சுமார் 1,700 கோடி ரூபாய். அந்தக் காலத்து 1,700 கோடி! அதுவரை நாம்தான் அவர்களுக்குக் கடன்காரர்கள். போரில் கணக்கு தலைகீழாகி அவர்கள் நமக்குக் கடன்காரர்கள் ஆகிவிட்டார்கள். ஆனால் கொடுத்தவன் பலவீனமானவன், வாங்கியவன் பலசாலி என்றால் வசூல் எப்படி நடக்கும்? பெரிய வீட்டுக்காரர் குழுக் கடனை வாங்கிவிட்டுத் தவணை கட்டாவிட்டால் நாம் எத்தனை நடை நடக்கிறோம். பிரெட்டன் வுட்ஸில் இந்தப் பாக்கியையும் பேச வேண்டும் என்று நம் ஆட்கள் கேட்டார்கள். அது உங்கள் இரண்டு வீட்டு விஷயம், இங்கே வேண்டாம் என்று மற்றவர்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

1947 ஆகஸ்ட் 15. சுதந்திரம் வந்தது. நேரு தன் மந்திரி சபையில் காங்கிரஸ்காரர்களை மட்டும் வைக்கவில்லை. சட்ட மந்திரி அம்பேத்கர். சுகாதாரத்துக்கு ராஜ்குமாரி அம்ரித் கௌர், அந்த மந்திரி சபையில் இருந்த ஒரே பெண். நிதி மந்திரி சண்முகம் செட்டியார். காங்கிரசை எதிர்த்துத் தேர்தலில் நின்று தோற்றவர், சர் பட்டம் வாங்கியவர், அவருக்கா நிதி என்று பலருக்கும் கோபம். ஆனால் அன்றைக்கு நாட்டின் பெட்டியைத் திறந்து கணக்குப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது.

அந்தப் பெட்டி எப்படி இருந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்த நேரம். வயல், ரயில், ராணுவம், அலுவலக நாற்காலி, மேஜை வரைக்கும் பாகப்பிரிவினை. கையிருப்பு சுமார் 400 கோடி ரூபாயில் பாகிஸ்தானுக்கு 75 கோடி என்று பேசி, 20 கோடியைக் கொடுத்தார்கள். காஷ்மீரில் சண்டை வந்ததும் மீதி 55 கோடியை அரசாங்கம் நிறுத்தி வைத்தது. 1948 ஜனவரியில் காந்தி உண்ணாவிரதம் இருந்தபோது, ஒப்புக்கொண்ட பணத்தைக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. அந்த மாதக் கடைசியில் காந்தியைச் சுட்டுவிட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து உடுத்திய துணியோடு வந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் முகாம்களில் இருந்தன. அவர்களுக்குச் சோறும் கூரையும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து தானியம் வாங்க வேண்டும்.

இந்த நிலையில் 1947 நவம்பர் 26-ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைச் சண்முகம் செட்டியார் சபையில் வைத்தார். ஒரு முழு வருஷத்துக்குக்கூட இல்லை. ஆகஸ்ட் 15-லிருந்து அடுத்த மார்ச் 31 வரை ஏழரை மாதத்துக்கு. வரவு 171 கோடியே 15 லட்சம். செலவு 197 கோடியே 39 லட்சம். துண்டு விழுந்தது 26 கோடியே 24 லட்சம். செலவில் கிட்டத்தட்டப் பாதி, 92 கோடியே 74 லட்சம், ராணுவத்துக்கு. இந்த எண்களை நான் என் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். சரியாக வந்தது. ஒரு நாட்டின் கணக்கை நானும் சரிபார்த்தேன் என்று ஒரு சந்தோஷம்.

வீட்டில் துண்டு விழுந்தால் நாம் என்ன செய்வோம்? யாரிடம் கேட்கலாம் என்று பார்ப்போம். அவர் அந்தப் பட்ஜெட்டில் புதிதாகக் கை வைத்தது ஒரே ஒரு இடத்தில். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிற பருத்தித் துணிக்கும் நூலுக்கும் வரி. இதில் என்ன விசேஷம் என்றால், அவருடைய குடும்பமே சிங்காநல்லூர் பக்கம் நூல் மில் நடத்திய குடும்பம். அவர் ஊரே மில் ஊர். தன் ஊர்த் தொழில் என்று பார்க்காமல் அங்கேயே வரி போட்டார். இதை எழுதும்போது எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. ஆனால் கதை அங்கேயே நின்றுவிடவில்லை.

1948 பிப்ரவரி கடைசியில் இரண்டாவது பட்ஜெட், இது முழு வருஷத்துக்கு. ரிசர்வ் வங்கி அதுவரை தனியார் பங்குதாரர்கள் கையில் இருந்தது. அதை அரசாங்கமே எடுத்துக்கொள்ளும் என்று முடிவெடுத்தது அவர் காலத்தில்தான். 1949 ஜனவரி 1-ஆம் தேதி அது அரசாங்க வங்கி ஆனது. அப்போது அவர் பதவியில் இல்லை.

இடையில் லண்டன். அந்தப் பழைய ஸ்டெர்லிங் பாக்கியைப் பேசி வாங்க 1948 ஜூன், ஜூலை மாதங்களில் இந்தியக் குழுவுக்குத் தலைமை வகித்துப் போனார். பிரெட்டன் வுட்ஸில் கேட்டுக் கிடைக்காததை, இப்போது சுதந்திர நாட்டு மந்திரியாகக் கேட்கப் போகிறார். பாக்கி அப்போது சுமார் 116 கோடி பவுண்டு. ஆனால் அவர்களும் பழைய வியாபாரிகள். நாங்கள் உங்கள் நாட்டில் விட்டுவிட்டு வந்த ராணுவத் தளவாடங்களுக்கு 10 கோடி பவுண்டு கழித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வருஷா வருஷம் தர வேண்டிய பென்ஷனுக்காக இன்னும் 16 கோடியே 80 லட்சம் பவுண்டை மொத்தமாகக் கழித்தார்கள். நம்மை ஆண்டவர்களுக்கு நாமே பென்ஷன்! மீதியையும் உடனே தரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக விடுவதாக ஒப்பந்தம். இவ்வளவுதானா என்று இங்கே திட்டினார்கள். போரில் பிரிட்டனும் ஓட்டாண்டியாகி நின்றது, முழுப் பாக்கியையும் ஒரே நாளில் வைக்க அவர்களால் முடியாது. நாளைக்குத் தருகிறேன் என்கிறவனிடம் இன்றைக்குக் கொஞ்சமாவது எழுதி வாங்குவதுதான் வசூலுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த வழி. அவர் செய்ததும் அதுதான் என்று எனக்குப் படுகிறது. சரியா தப்பா என்று படித்தவர்கள் சொல்லட்டும்.

லண்டனிலிருந்து திரும்பின கையோடு பதவி போய்விட்டது.

நடந்தது இது. போர்க்காலத்தில் கள்ளச் சந்தையிலும் ஒப்பந்தங்களிலும் பெரும் பணம் சம்பாதித்து வரி கட்டாமல் ஒளித்தவர்களை விசாரிக்க 1947-இல் வருமான வரி விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். யார் யாரை விசாரிக்க வேண்டும் என்று பட்டியல் அரசாங்கத்திலிருந்து கமிஷனுக்குப் போகும். அதில் சில பெயர்கள் பிறகு எடுக்கப்பட்டுவிட்டன என்று தெரிய வந்தது. சபையில் கேள்வி எழுந்தது. பெயரை எடுத்தது யார், ஏன் என்று கேட்டார்கள். துறை நிதி மந்திரியின் துறை. அவரோ மில் குடும்பத்துக்காரர். ஊர் வாய் சும்மா இருக்குமா? 1948 ஆகஸ்டில் ராஜினாமா செய்தார். மந்திரியாக இருந்தது ஒரு வருஷம்தான். அவருக்குப் பின் ஜான் மத்தாய் வந்தார்.

இந்த இடத்தில் நான் இரண்டு நாள் எழுதாமல் நிறுத்திவிட்டேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசனை. எழுதிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், எந்தக் குழு என்று சொல்ல மாட்டேன், ஒரு குழுவுக்கு நான் கணக்கு எழுதினேன். வங்கிக் கடன் புதுப்பிக்கிற நேரம். தவணை நிலுவை உள்ளவர்கள் பட்டியல் கொடுக்க வேண்டும். அதில் என் நாத்தனாருக்கு மூன்று மாத நிலுவை, 4,500 ரூபாய். அவள் வீட்டில் மாமனார் ஆஸ்பத்திரியில். அடுத்த மாதம் கட்டிவிடுவாள் என்று நினைத்து அவள் பெயரை நான் பட்டியலில் எழுதாமல் விட்டுவிட்டேன். தலைவி அக்கா என்னை நம்பிப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாங்க. தணிக்கையில் தெரிந்துபோனது. கூட்டத்தில் கேட்டபோது, கையெழுத்து என்னுது, பொறுப்பும் என்னுது என்று சொல்லி அக்கா தலைவிப் பதவியை விட்டுட்டாங்க. எழுதாமல் விட்டது நான்தான் என்று அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. நாத்தனார் இரண்டு மாதத்தில் முழுதும் கட்டிவிட்டாள். அக்கா இன்னமும் சந்தா கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருகிறாங்க. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதை அவங்களும் படிப்பாங்க.

அதனால் டெல்லியில் அந்தப் பெயர்களை எடுத்தது யார் கை, எதற்காக என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பட்டியலில் ஒரு பெயர் இல்லாமல் போவது எவ்வளவு சுலபம் என்று மட்டும் எனக்குத் தெரியும். இவ்வளவு உயரத்தில் இருந்தவர், நாற்பத்து நான்கு நாட்டுக்காரர் மத்தியில் உட்கார்ந்தவர், ஒரு பட்டியலால் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் கோயம்புத்தூருக்குத் திரும்பினார். அவருக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாதி ஆளைத்தான் சொன்னதாகும். இங்கிலீஷில் சபையைக் கட்டிப்போட்டவர், தமிழில் உயிராக இருந்தார். அந்தக் காலத்தில் கச்சேரி என்றால் பெரும்பாலும் தெலுங்குப் பாட்டுத்தான். தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசை இயக்கம் தொடங்கியபோது சண்முகம் செட்டியார் முன்வரிசையில் நின்றார். கடைசிக் காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகவும் இருந்தார்.

சிலப்பதிகாரத்தில் புகார்க் காண்டத்துக்கு ஓர் உரையும் எழுதியிருக்கிறார். கண்ணகி கோவலன் கல்யாணம், காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெரு, இந்திர விழா, மாதவி ஆட்டம் எல்லாம் வருகிற காண்டம் அது. துறைமுகம், கப்பல், சரக்கு, சுங்கம் எல்லாம் அதில் உண்டு. கொச்சித் துறைமுகத்தைப் பார்த்தவருக்கு அது பிடித்ததில் ஆச்சரியமில்லை. மதுரையில் சிலம்பு வழக்கு நடக்கிற காண்டத்துக்கு அவர் போகவில்லை.

1953-ஆம் ஆண்டு மே மாதம் காலமானார். வயது 60. முதல் பட்ஜெட் என்று வருஷா வருஷம் பிப்ரவரியில் டிவியில் அவர் பேரை ஒரு வரி சொல்கிறார்கள், இப்போதுதான் எனக்குக் காதில் விழுகிறது. அடுத்த தடவை பட்டறிவுப் பயணம் எர்ணாகுளம் பக்கம் என்றால், அந்தப் போர்டுக்குப் பக்கத்தில் நின்று எல்லாரும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். தலைவி அக்காவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.